ஜெபவீட்டு மனைக்கு மேற்கு

மேலகரம், தென்காசி
ஜூன் 8

அன்புள்ள சலோமி அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் அப்பாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு இரண்டு நாள் முன்பே வலித்து எங்களை எச்சரிக்கிறது. இந்த வருஷம் அது சொன்னபடியே ஜூன் முதல் வாரத்தில் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அந்த மலையில் உனக்குக் குளிர் எப்படி? ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு ராத்திரி டியூட்டி குறைந்ததா? டவர் இருக்கும் ஊருக்கு நீ இறங்கி வந்து போனில் பேசும் ஐந்து நிமிடமும் அம்மா அழுவதிலேயே போய்விடுகிறது. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் கடிதத்துக்குத்தான் மிஞ்சுகிறது. எனக்கும் அதுதான் வசதி. வாயில் வராதது என் கையில் வரும் என்று உனக்குத் தெரியும்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. நம் வீட்டின் முதல் பட்டதாரி என்று போன வருஷம் சபையில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். இப்போது அதே ஆட்கள், "இன்னுமா ஒண்ணும் அமையல?" என்று கேட்கிறார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுகிறேன். செங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் கேட்டிருக்கிறார்கள். ஜூலை பத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும்.

மழையில் அப்பாவுக்குக் கொத்து வேலை இல்லை. அதனால் ரோட்டோரம் ஒரு காலி இடத்தில் சீசனுக்கு வருகிறவர்களின் கார்களை நிறுத்த விடுகிறார். ஒரு காருக்கு நூறு ரூபாய். அப்பா சாப்பிட வரும் நேரம் நான் போய் நிற்கிறேன். முதல் நாள் ஒரு மதுரைக்காரர், "எங்கம்மா விடணும்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை, கையைக் காட்டினேன். அவர் தன் மனைவியிடம், "பாவம், பேச்சு வராத பிள்ளை" என்று சொல்லிவிட்டு இருபது ரூபாய் கூடக் கொடுத்துப் போனார். வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பில் உலை பொங்கி வழிந்துவிட்டது.

சபைக்கான கைப்பிடி அரிசியை அம்மா விடவில்லை. ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுகிறாள். உன் பெயரைச் சொல்லித்தான் போடுகிறாள். கொசுவலைக்குள்தான் தூங்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் தங்கை
ஜெஸி

*

மிஷன் ஆஸ்பத்திரி, ஒடிசா
ஜூன் 25

பிரியமான ஜெஸிக்கு,

உன் கடிதம் பதினோரு நாளில் வந்து சேர்ந்தது. ஜீப் டிரைவர் கவரை உயர்த்திக் காட்டிக்கொண்டே வந்தார். நான் சுகம். கர்த்தர் இதுவரை காத்துக்கொண்டார். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எண்ணெய் தேய்த்து வெயிலில் உட்காரச் சொல்லாதே, அதனால் ஒன்றும் ஆகாது.

பேச்சு வராத பிள்ளை கதையை வார்டில் மொழிபெயர்த்துச் சொன்னேன். இங்கே எல்லோருக்கும் இப்போது உன்னைத் தெரியும்.

இங்கே மழை பிடித்துவிட்டது. இனி மூன்று மாதம் மலேரியாதான். பிள்ளைகள் வார்டில் பத்துக் கட்டில், நான்கு வலை. அங்கிருந்து ஆறு கொசுவலை அனுப்ப முடியுமா? ஒன்று முந்நூற்றைம்பது ரூபாய் இருக்கும். கஷ்டமென்றால் வேண்டாம்.

ரோட்டோரம் ஒரு காலி இடம் என்று எழுதியிருந்தாய். நமக்கு ஐந்தருவி ரோட்டில் அந்தப் பத்து சென்ட்டைத் தவிர வேறு இடம் இல்லையே. அது யாருடைய இடம்?

எல்லோரையும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

சலோமி

*

மேலகரம்
ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலமாக இருக்கிறோம். ஒத்தடம் கொடுக்கிறேன். உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா?

நீ கேட்ட இடம் அந்தப் பத்து சென்ட்தான். அங்கே ஜெபத்துக்குப் போட்டிருந்த ஓலைப் பந்தல் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துதானே இருந்தது. அப்பா அதைப் பிரித்துக் கம்புகளைப் பத்திரமாக வீட்டுப் பின்னால் அடுக்கிவிட்டார். "சபை கட்டுத அன்னைக்குக் குடுத்துருவோம். அதுவரைக்கும் சும்மா கெடந்தா சீமைக்கருவேலந்தான் முளைக்கும்" என்கிறார். யோசித்தால் அது சரியாகத்தான் படுகிறது.

இப்போது அங்கே நான்தான் முழுநேரமும் நிற்கிறேன். அப்பா தகரத்தில் பலகை எழுதி வைத்தார். நான் போனில் பணம் கட்டும் அட்டையும், பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் சின்னப் பெட்டியும் வாங்கினேன். யாராவது கட்டியதும் அதற்குள்ளிருந்து ஒரு பெண், "நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று கணீரென்று சொல்கிறாள். எனக்குப் பதிலாகப் பேச ஒருத்தி கிடைத்த மாதிரி இருக்கிறது. நானும் பேசுகிறேன், அக்கா. "அண்ணாச்சி, லெஃப்ட்ல ஒடிங்க! பின்னால சுவரு இருக்கு, பாத்து!" என்று கத்துவது நான்தான் என்றால் நம்புவாயா? பக்கத்து வயல் நல்லக்கண்ணு அண்ணாச்சி வரப்பில் நின்று, "ஏட்டி, நீயாட்டி இது? கோயில்ல பாட்டுப் படிக்கச் சொன்னா உதடு மட்டும் அசையுமே!" என்று கேலி செய்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வண்டி வருவதால், சாயங்கால ஜெபத்துக்குப் போய்க்கொள்கிறேன்.

மழை சரியாக இல்லாததால் கூட்டம் கம்மிதான். கொசுவலை அடுத்த மாதம் அனுப்புகிறேன். செங்கோட்டைப் பள்ளிக்குத் தேதி போன வாரமே முடிந்துவிட்டதாம். நான் கவனிக்கவில்லை.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. மூன்று நாளாகப் பேரருவியில் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேல் தண்ணீர் விழுகிறது, குளிக்கத் தடை. தடை நீங்கட்டும் என்று வண்டிகள் வரிசையில் கிடக்கின்றன. நான் போக வேண்டும்.

ஜெஸி

*

மிஷன் ஆஸ்பத்திரி
ஜூலை 31

ஜெஸிக்கு,

அன்பு. சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீ கத்துவதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. உனக்குள் குரல் இருக்கிறது என்று நான் எப்போதும் சொல்வேன்.

கொசுவலைக்கு அவசரமில்லை. மழை இல்லாமல் ஆர்ச்சுக்கு மேல் தண்ணீர் விழுவதை இந்த வருஷம்தான் கேள்விப்படுகிறேன்.

அந்த இடத்தைப் பற்றி உன்னிடம் யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்போது நீ பிறந்திருக்கவில்லை. எனக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பாளையங்கோட்டையில் பதினெட்டு நாள் கிடந்தேன். இனி பயனில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால்போட்டு, பிள்ளை பிழைத்தால் ரோட்டோரப் பத்து சென்ட்டும் ஆண்டவருக்கு, அதில் என் கையாலேயே ஜெபவீடு கட்டுவேன் என்று பொருத்தனை செய்தார். மறுநாள் நான் தண்ணீர் கேட்டேனாம். அப்பா வந்து முதலில் போட்டது அந்த ஓலைப் பந்தல். ஒவ்வொரு ஜனவரியிலும் நான் பிழைத்ததற்கு நன்றியாகச் சபையார் அதில் உட்கார்ந்து சாப்பிடும்போது, அம்மா என் தலையில் கை வைத்துவிட்டுத்தான் பரிமாறுவாள்.

இதை உனக்குப் பாரமாக எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

சலோமி

*

மேலகரம்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதி அடித்துவிட்டேன், அது பள்ளிக்கூடத்துக் கடிதம் மாதிரி இருக்கிறது. எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பொருத்தனையைப் பற்றிய பத்தியை மட்டும் படிக்கவில்லை.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் குத்தாலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "பொன்னையா, சென்ட்டுக்கு நாலு லட்சம் தாரேன். நாளைக்கு விலை ஏறும்னு நெனச்சுக் காத்திருக்காதீரும், நானும் காத்திருக்க மாட்டேன்" என்றார். நாற்பது லட்சம். அப்பா அந்தத் தொகையை ஒருமுறைதான் வாயால் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறோம். ஏனென்று தெரியவில்லை.

பொருத்தனையைப் பற்றி நான் கேட்காமல் இல்லை. "பத்துல ஒண்ணுதானட்டி ஆண்டவருக்கு? நாலு லட்சத்தக் காணிக்கையா வச்சிருவோம். பத்து சென்ட்ட வச்சி சபை இத்தன வருசம் என்ன செஞ்சிது?" என்கிறார் அப்பா. மாடி எடுக்கலாம், உனக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை என்கிறார். எனக்கென்று ஒரு அறை. நான் அதன் ஜன்னலுக்குத் திரைகூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

இது தாத்தா சொத்து. பின்னால் வழக்கு வராமல் இருக்க மகள்கள் இரண்டு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார் அண்ணாச்சியின் வக்கீல். காகிதம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் குறியிட்ட இடத்தில் போட்டால் போதும். திருப்பி அனுப்ப ஸ்டாம்ப் ஒட்டிய கவரும் வைத்திருக்கிறேன். நான் இங்கேயே இருப்பதால் என்னுடையதைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஜெஸி

*

மேலகரம்
செப்டம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

காகிதம் வந்து சேர்ந்ததா? மூன்று வாரம் ஆகிவிட்டது. அப்பா தினமும் போஸ்ட்மேனை வழியிலேயே நிறுத்திக் கேட்கிறார். குத்தாலிங்கம் அண்ணாச்சி நேற்றும் வந்து, "ஒம்ம மூத்தவ என்ன, கெவர்னரா? ஒரு கையெழுத்துக்கு இத்தன நாளா?" என்றார். புரட்டாசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டுமாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. பணம் நான் தந்துவிடுகிறேன்.

ஜெஸி

பி.கு.: சுகமாக இருக்கிறாய் அல்லவா? முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

*

மிஷன் ஆஸ்பத்திரி
செப்டம்பர் 18

ஜெஸிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பேனா பிடிக்க இன்றுதான் முடிந்தது. மூன்று வாரமாகக் காய்ச்சல், இப்போது இறங்கிவிட்டது. அம்மாவிடம் ஜலதோஷம் என்று சொல்.

பிள்ளைகள் வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் வலை ஆகிவிட்டது. ஐந்து இங்கேயே கிடைத்தன. ஆறாவதுக்கு என்னுடையதைக் கொடுத்தேன். ஆகவே இனி அதைப் பற்றி யோசிக்காதே.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பொருத்தனையை நான் செய்யவில்லை. நான் நினைவில்லாமல் கிடந்தேன். அப்பா கொடுத்ததை அப்பா திரும்ப எடுக்க நினைத்தால், அதற்கு என் கை பூட்டாக இருக்க வேண்டாம்.

ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.

சலோமி

*

மேலகரம்
அக்டோபர் 6

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதைத்தான் முதலில் கேட்கிறேன். சாப்பாடு இறங்குகிறதா? வாய்க்கசப்பு போய்விட்டதா? அம்மாவிடம் ஜலதோஷம் என்றே சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். ஜூலையில் கூட்டம் கம்மி என்று உனக்கு எழுதினேன். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை எழுபத்துமூன்று கார்கள். பதினான்காம் தேதி அந்தக் கடிதத்தைத் தபாலில் போடும்போது என் பையில் ஆறு வலையை மூன்று தடவை வாங்கும் பணம் இருந்தது. எனக்குக் கொடுக்க மனமில்லை என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த ஞாயிறு வந்ததும் அனுப்பலாம் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். நேற்றுச் சாயங்காலம் தென்காசிக்குப் போய் ஆறு வலை வாங்கினேன், இன்று பார்சலில் போடுகிறேன். அதில் ஒன்று உன் கட்டிலுக்கு. தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுக்காதே.

உன் கையெழுத்து வந்து ஆறு நாளாகிறது. அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சமையல்கட்டில் கைப்பிடி அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அதை யாரும் திறப்பதில்லை, அக்கா. ஜூலை முதலே அது காலி. அம்மா மறந்துவிட்டாள். சபைக்குத்தான் இனி லட்சக்கணக்கில் போகப்போகிறதே என்று விட்டாளோ என்னவோ. கையில் ஒன்றுமில்லாத நாளில்கூட ஒரு பிடி விட்டதில்லை அவள்.

வியாழக்கிழமை குத்தாலிங்கம் அண்ணாச்சி ஆள் விட்டு இடத்தை அளந்தார். மேற்குப் பக்கம் கல் ஒரு அடி தள்ளி இருக்கிறது என்று சர்வேயர் சொன்னதும், நல்லக்கண்ணு அண்ணாச்சி வீட்டுக்குப் போய்த் தன் பத்திரத்தைத் துணிப்பையில் எடுத்து வந்தார். "கண்ணாடி இல்ல. ஏட்டி ஜெஸி, இங்கன வா. டிகிரி படிச்சவல்லா, எல்லைய உரக்கப் படி" என்றார். நான் படித்தேன். அவர் இடத்துக்கு வடக்கே ஓடை, தெற்கே இன்னார் வயல் என்று வந்து, கிழக்கெல்லையில் நம் இடத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "பொன்னையா வகை ஜெபவீட்டு மனைக்கு மேற்கு."

நம் வீட்டுப் பத்திரத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. நான் பார்த்திருக்கிறேன். பதினாறு வருஷத்துக்கு முன் அவர் அந்த வயலை வாங்கும்போது, பத்திரம் எழுதுகிறவர் கிழக்கே யார் என்று கேட்க, நம் அப்பாவே பக்கத்தில் நின்று சொன்னதாம். சாட்சிக் கையெழுத்தும் அப்பாவுடையது.

நல்லக்கண்ணு அண்ணாச்சி குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். "என்ன வே மேஸ்திரி, ஒம்ம சாமி இடத்தயா விக்கீரு? இந்த எல்லையக் காட்டித்தான் நான் பேங்குல கடன் வாங்குதேன். நாளைக்கு என் பத்திரத்துல என்னன்னு மாத்தி எழுத?" அவர் வீட்டு வடிவம்மாள் அத்தை வரப்பிலிருந்தே, "ஊருக்கெல்லாம் வீடு கட்டுதாரு, அவரு சாமிக்கு ஒரு சுவரு எழுப்பல" என்றாள். அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "படிச்சது போதும்ட்டி, வண்டி நிக்கு பாரு" என்றார்.

நானும் வண்டியைப் பார்க்கப் போனேன். அதுதான் விஷயம். போய் நூறு ரூபாய் வாங்கினேன்.

நேற்றுத் திருவிருந்து ஞாயிறு. மூன்று மாதம் கழித்துக் காலை ஆராதனைக்குப் போனேன். காலாண்டு லீவின் கடைசி நாள் என்பதால் கூட்டம் இருக்கும் என்று தெரியும். அப்பாவைப் பணம் கட்டும் அட்டையோடு அங்கே நிறுத்திவிட்டு, பேசுகிற பெட்டியை மட்டும் என் பையில் போட்டுக்கொண்டேன். அப்பாவை நம்பாமல் இல்லை. என்ன வருகிறது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் இருக்க முடியாது என்று தோன்றியது. சத்தத்தைக் குறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். பாட்டிலும் பிரசங்கத்திலும் அது என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டிருந்தோம். ஒருவர் மூச்சுவிடும் சத்தம் ஒருவருக்குக் கேட்கும் அமைதி. போதகர் பாத்திரத்தோடு எனக்கு இரண்டு பேர் தள்ளி வந்துவிட்டார். கடைசி பெஞ்சில் இருந்த பைக்குள்ளிருந்து அவள் கணீரென்று சொன்னாள்: "நூறு ரூபாய் பெறப்பட்டது." யாரோ சிரித்தார்கள். இன்னொரு முறை சொன்னாள். போதகர் நின்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பைதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெட்கத்தை விடு, அக்கா. அது போய்விடும். அவள் முதல் முறை சொன்னபோது என் மனது, "இது பத்தொன்பதாவது வண்டி" என்றது. இரண்டாவது முறை, "இருபது" என்றது. பாத்திரம் என் உதட்டுக்கு வந்தபோது நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி ஆண்டவரை நினைக்கப் பார்த்தேன். கார்கள்தான் தெரிந்தன, ஒன்றன் பின் ஒன்றாக, பின்விளக்கு எரிய.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது எழுந்துவிடுகிறேன். அப்பா, "தபால் வந்துச்சா?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் என் கண் டப்பாவுக்குப் போய் வருகிறது.

ஜெஸி

*

மிஷன் ஆஸ்பத்திரி
அக்டோபர் 23

என் ஜெஸிக்கு,

வலைகள் வந்தன. ஒன்று என் கட்டிலில்தான் இருக்கிறது, சத்தியம். உடம்பு தேறிவிட்டது. நேற்று மலையேறி ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்தேன்.

பெட்டிக் கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

நான் ஒன்று சொல்லிவிட வேண்டும். என் கை பூட்டாக இருக்க வேண்டாம் என்று எழுதினேன் அல்லவா? அது நல்ல வார்த்தை. ஆனால் அதைக் கோபத்தில் எழுதினேன். காய்ச்சலில் கிடந்தபோது நீங்கள் மூன்று பேரும் மாடி கட்டிக்கொண்டு இருப்பதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. கையெழுத்தைப் போட்டு, நீங்களே சுமந்துகொள்ளுங்கள் என்று உங்கள் தலையில் எறிந்தேன். அதற்காக என்னை மன்னித்துக்கொள்.

காகிதத்தைக் கிழிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். அரிசி டப்பாவில் எத்தனை நாள் வைப்பாய்?

சலோமி

*

மேலகரம்
நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வலைக்குள் தூங்குகிறாய் என்று படித்ததும்தான் எனக்குத் தூக்கம் வந்தது. அம்மா முழங்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்கு உடம்பு சுகம். நான் சுகமா என்று இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ சொல்.

டப்பாவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அம்மாதான் திறந்தாள். உன் கடிதம் வந்த மறுநாள் காலை உலை வைத்தவள், என்ன நினைத்தாளோ, ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு டப்பா மூடியைத் திறந்தாள். காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் உன் கையெழுத்து தெரியும். அரிசியைக் கையில் வைத்தபடியே அப்பாவிடம் போய்க் கொடுத்தாள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. சந்தோஷத்தில் அதற்கு நேரமில்லை. "மூத்தவ போட்டுட்டாளே! ஜெஸி, பேனா எடு. இனி ஒன் கையெழுத்துதான பாக்கி" என்றார்.

உன் கையெழுத்துக்காக இத்தனை நாள் காத்திருந்தார்களே, அக்கா. என்னுடையதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"நான் போட மாட்டேன்ப்பா" என்றேன். பார்க்கிங்கில் கத்தும் குரல் இல்லை, பழைய குரல்தான் வந்தது. அப்பாவுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"ஏன்? அக்காளே போட்டுட்டா. ஒனக்கென்னட்டி தெரியும்?"

"எனக்குத்தான்ப்பா தெரியும். வெறும் நூறு ரூவாக்கே நான் இப்படி ஆயிட்டேன். நாப்பது லட்சம் வந்தா என்ன எங்கன போய்த் தேடுவீய?"

"படிக்க வச்சதுக்கு இது வேணும்" என்று சொல்லிவிட்டு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா கையில் இருந்த அரிசியை டப்பாவில் போட்டாள். சத்தம் நன்றாகக் கேட்டது, டப்பா காலியாக இருந்ததல்லவா.

ஒரு வாரம் அப்பா என்னிடம் பேசவில்லை. குத்தாலிங்கம் அண்ணாச்சி வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். அப்பா வெளியே போய், "இப்பம் முடியாது அண்ணாச்சி" என்றார். இப்போது முடியாதா, எப்போதும் முடியாதா என்று அவர் விளக்கவில்லை. காகிதம் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. அதைக் கிழித்துவிட்டார் என்று உனக்கு எழுத ஆசைதான். கிழிக்கவில்லை.

நான் ஆய்க்குடியில் ஒரு பள்ளியில் தற்காலிகமாகக் கணக்கு எடுக்கிறேன். சம்பளம் ஏழாயிரம். ஒரு மாதச் சம்பளம் பார்க்கிங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முதல் நாளே மனது சொல்லிவிட்டது. நான் அதனிடம் கேட்கவேயில்லை.

போன ஞாயிறு காலையில் நான்தான் இடத்து வாசலில் சங்கிலியைக் கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் கோயில் ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. மழை பெய்து மறுபடியும் அருவியில் தண்ணீர், நல்ல கூட்டம். பிரசங்கம் முடிவதற்குள் நாற்பத்தொரு ஹாரன்.

திரும்பி வரும் வழியில் பார்த்தேன். சங்கிலி அவிழ்ந்து கிடந்தது. அப்பாதான் வண்டி விட்டுவிட்டார் என்று நினைத்து வேகமாக நடந்தேன். உள்ளே ஒரு காரும் இல்லை. ஒரு லோடு மணல் இறங்கியிருந்தது. அப்பா அதன் பக்கத்தில் குந்தி, பழைய பந்தல் கால்கள் நின்ற குழிகளில் முளைக்குச்சி அடித்து, அஸ்திவாரத்துக்குக் கட்டுவது போல மூலைக்கு மூலை நூல் கட்டிக்கொண்டிருந்தார். நல்லக்கண்ணு அண்ணாச்சி நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தார். எதற்கென்று அப்பா சொல்லவில்லை. நானும் அம்மாவும் கேட்கவில்லை. நாளைக்கே அந்த மணலை அவர் வேறு வேலைக்கு ஏற்றிப் போனாலும் போகலாம்.

அந்த மணல் சரியாக மூன்று கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான், அக்கா. முந்நூறு ரூபாய்.

ஜெபிக்கும்போது அப்பாவை அப்புறம் வைத்துக்கொள். முதலில் என் பெயரைச் சொல்.

உன் தங்கை
ஜெஸி